இரு குழாய்களுக்கு நடுவே ஒரு முள்

மீன்கடைக்காரர் சக்கர நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். நடந்தே வந்தார். நடந்து வந்ததோடு நிற்காமல், காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்த ஊழியரிடம், "நீங்க உக்காருங்கண்ணே, நான் தள்ளுறேன். காலையிலேர்ந்து எத்தனை பேரைத் தள்ளியிருப்பீங்க" என்று வேறு சொன்னார். எண்டோஸ்கோப்பி அறைக்கு வெளியே வெறும் வயிற்றோடும் கடுகடுத்த முகத்தோடும் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவருடைய மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"ரத்தம் கக்கிட்டு வந்திருக்கிற ஆளு மாதிரியா இருக்காரு பாருங்க" என்றாள் பொதுவாக எல்லாரிடமும். "ஊருக்கு முன்னாடி என்னைப் பொய்க்காரியாக்குறதுக்குன்னே நடந்து வராரு."

மகளும் மருமகனும் கூட வந்திருந்தார்கள். மருமகன் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஒல்லியாக, சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, மாமனாரின் ஸ்கேன் படங்கள் எதுவும் இன்னும் எடுக்கப்படாத நிலையிலேயே அவற்றை வைப்பதற்கு ஒரு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இருந்த டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரி முழுக்கச் 'சாமியார்' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். வருத்தமில்லை. உணவுக்குழாய்க்குள்ளும் இரைப்பைக்குள்ளும் குழாய்விட்டுப் பார்ப்பது அவர் வேலை. வாய்க்குள் குழாய் இருப்பவர்கள் பேச முடியாது என்பதால்தான் அவர் இந்தப் படிப்பையே தேர்ந்தெடுத்தார் என்று ஒரு கதை உலவியது. அதில் பாதியாவது உண்மை இருக்கலாம். ஒரு கேள்வியைக் கேட்பார். பதில் வரும். வந்த பிறகும் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். சும்மா இருப்பார். எதிரில் இருப்பவர் நெளிவார், கையைப் பிசைவார், சுவரைப் பார்ப்பார். முதலில் வருகிற பதில் வீட்டிலேயே தயார் செய்து எடுத்துவந்தது என்பது டாக்டரம்மாவின் எண்ணம். அது செலவழிந்த பிறகு வருவதற்குத்தான் அவர் காத்திருப்பார்.

இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்: இரைப்பைப் புண், ஒருமுறை ரத்த வாந்தி, இப்போது நன்றாக இருக்கிறார், குழாய்விட்டுப் பார்த்தால் போதும்.

"எவ்வளவு ரத்தம் வந்துச்சு?" என்று, குடும்பத்தோடு உள்ளே வந்த மீன்கடைக்காரரிடம் டாக்டரம்மா கேட்டார்.

"ஒரு வாய். கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். தொண்டை கரகரன்னுச்சு, கையை வெச்சேன், கையெல்லாம் செவப்பு. மொதல்ல மீன் ரத்தம்னு நெனச்சேன். நம்ம கையில எப்பவும் இருக்கறதுதானே. அப்புறம்தான் வாய் உப்புக் கரிச்சுது."

"என்ன மாதிரி சிவப்பு?"

மீன்கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "செவுளைத் தூக்கிப் பாத்தா புது மீன்ல இருக்குமே, அந்தச் செவப்பு. பளிச்னு. பழசு கிடையாது டாக்டரம்மா, அப்பப் புடிச்ச மாதிரி."

அந்தப் பதில் டாக்டரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இரைப்பையில் கசிந்து கிடந்து வருகிற ரத்தம் கறுத்து, காப்பித் தூள் மாதிரி வரும். செவுளின் சிவப்பு என்றால் அது வேறு இடத்திலிருந்து, நேராக வந்தது.

"வலி?"

"இல்லவே இல்ல."

"போன வாரம் பூரா முதுகைத் தடவிக்கிட்டே இருந்தீங்களே!" என்றாள் மனைவி. "நெஞ்சுக்குப் பின்னாடி யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்குன்னு சொன்னது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா?"

"அது ஐஸ் பெட்டி தூக்கினது. இப்ப இல்ல. இப்ப எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பசி."

எண்டோஸ்கோப்பி அறையின் மூத்த நர்ஸ், எல்லாருக்கும் பெரியக்கா, தொண்டையை மரத்துப்போக வைக்கிற ஸ்பிரேயைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக வந்து நின்றார். "வாயைத் திறங்கண்ணே. கசக்கும், அவ்வளவுதான்."

"பெரியக்கா, அதைக் கீழ வைங்க" என்றார் டாக்டரம்மா. "எல்லாரும் கொஞ்ச நேரம் வெளியில இருக்கட்டும்."

கதவு சாத்தப்பட்டது. மீன்கடைக்காரர் படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சாப்பிடும்போது ஏதாவது தொண்டையில மாட்டிச்சா?"

"எனக்கா? மீன் விக்கிறவன் டாக்டரம்மா நான். தவழ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து மீன் தின்னுறேன். எனக்கு மாட்டுமா?"

டாக்டரம்மா ஒன்றும் சொல்லவில்லை.

தொட்டித் தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. உறிஞ்சும் இயந்திரம் மெலிதாக உறுமியது. கழுவித் தொங்கவிட்டிருந்த கறுப்புக் குழாயை மீன்கடைக்காரர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "விலாங்கு மாதிரி இருக்கு" என்றார். பதில் வரவில்லை. கால்களை ஆட்டினார். ஆட்டத்தை நிறுத்தினார். அவர் காலையில் வாயைத் திறந்தால் கடை மூடும்வரை மூடாதவர். கூவி விற்றே பழகிய தொண்டை. ஒரு மனுஷி இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுமே பேசாமல் இருப்பதை அவர் வாழ்க்கையில் சந்தித்ததில்லை. மனைவி கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும்போதுகூடப் பாத்திரங்கள் பேசும்.

"நீங்க போலீஸுக்குப் போயிருக்கணும்" என்றார் கடைசியில்.

டாக்டரம்மா தலையை மட்டும் லேசாகச் சாய்த்தார்.

"சரி. மாட்டுச்சு. முள்ளு. ஆனா ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை காதுக்குப் போகக்கூடாது."

அதற்கப்புறம் மடை திறந்தது. பத்து நாளைக்கு முன்னால், கல்யாணமாகி இத்தனை நாளில் முதல் தடவையாக, மாமனாருக்கு நானே சமைக்கிறேன் என்று மருமகன் ஆசைப்பட்டிருக்கிறார். "மீன்னா வாழ்க்கையில தொட்டதில்ல அந்தப் புள்ள. புத்தகத்தைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, ஸ்கேல் வெச்சு அளந்து துண்டு போட்டாரு. சத்தியமா! துண்டெல்லாம் ஒரே அளவு. முள்ளு எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்க வேணாமா? குறுக்கால வெட்டி வெச்சிருக்காரு. மொத வாயிலயே குத்துச்சு. அவரு எதிர்ல உக்காந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்காரு, பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற புள்ள மாதிரி. துப்ப முடியுமா? சொல்லுங்க. 'பிரமாதம் மாப்பிள்ளை'ன்னேன். சோத்தை உருட்டி உருட்டி முழுங்கினேன், கீழ தள்ளிவிட்ரலாம்னு. அவரு சந்தோஷத்துல இன்னும் ரெண்டு துண்டு வெச்சாரு."

"சாப்பிட்டீங்களா?"

"பின்னே? இன்னொண்ணும் இருக்கு. மீன்கடைக்காரன் தொண்டையில முள்ளு மாட்டுச்சுன்னு சந்தைக்குத் தெரிஞ்சா, நான் தராசைத் தூக்கிக் கடல்ல போட்டுட்டு வேற பொழப்பு பாக்கணும்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஆனால் சிரிப்பு வந்து போன இடம் முகத்தில் தெரிந்தது. "என் வாயிலேர்ந்து வராது" என்றார்.

அவர் மனம் வேறெங்கோ இருந்தது. நெஞ்சுக்குள் உணவுக்குழாயும், இதயத்திலிருந்து உடம்புக்கெல்லாம் ரத்தத்தைக் கொண்டுபோகும் பெருந்தமனியும் சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளைப் போலப் பக்கத்துப் பக்கத்தில் இறங்குகின்றன. ஒரு வீட்டில் சோறும் தண்ணீரும். அடுத்த வீட்டில் காட்டாறு. நடுவில் கதவு கிடையாது, இருக்கவும் கூடாது. கூர்மையான ஒன்று நடுச்சுவரைத் துளைத்தால் நெஞ்சுக்குப் பின்னால் வலி வரும். பிறகு ஒரு வாய் பளிச்சென்ற ரத்தம். பிறகு எல்லாமே நின்றுவிடும். வலி போய்விடும், பசி வரும், ஆள் நடந்து வருவார். உறைந்த ரத்தம் ஒரு சின்ன அடைப்பாக அந்த ஓட்டையில் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. எவ்வளவு நேரம் உட்காரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுந்துவிட்டால் மறுபடி உட்காராது.

படித்ததுதான். பார்த்ததில்லை. இந்த நோயைத் தன் ஆயுளில் பார்க்காமலே ஓய்வுபெறுகிறவர்கள்தான் அநேகம். தான் நினைப்பது தப்பாக இருந்தால், ஒரு சாதாரண வயிற்றுப் புண்ணுக்கு ஊரைக் கூட்டியவள் என்று பெயர் வரும். கை ஒரு நிமிடம் அந்தக் கறுப்புக் குழாயை நோக்கிப் போனது. உள்ளே விட்டு ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். குழாய் விடுகிறவர்களுக்கே உரிய தப்பு அது. பார்ப்பதற்குக் காற்றை ஊத வேண்டும், தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும்; உறைந்து உட்கார்ந்திருக்கிறதைத் தட்டி எழுப்பிவிட்டு, "ஆமாம், இதுதான்" என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கையை மடியில் வைத்துக்கொண்டார். பெரியக்காவைக் கூப்பிட்டு, மருந்து செலுத்தி எடுக்கிற சி.டி. ஸ்கேனுக்கு உடனே ஏற்பாடு செய்யச் சொன்னார்.

"ஸ்கேனா? நாளைக்கு வரேனே" என்று மீன்கடைக்காரர் செருப்பைத் தேடினார். "கடையில பொட்டி பொட்டியா மீன் கிடக்கு. எனக்குத்தான் இப்ப ஒண்ணுமே இல்லையே."

"உங்களுக்கு இப்ப ஒண்ணுமே இல்லாததுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் டாக்டரம்மா. அன்று காலை அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. மீன்கடைக்காரர் செருப்பை விட்டுவிட்டுப் படுத்தார்.

"இருமக்கூடாது. முக்கக்கூடாது. எழுந்திரிக்கக்கூடாது. சத்தமாப் பேசக்கூடாது. சிரிக்கக்கூடாது."

"சிரிக்கவுமா?" என்றார் அவர், வாழ்க்கையில் முதல்முறையாக மெல்லிய குரலில்.

ஸ்கேன் அறையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சாம்பல் நிறப் படங்கள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஸ்கேன் டாக்டர் மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை நிறுத்தினார். நகத்தை வெட்டிப் போட்ட துணுக்கு மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. ஒரு நுனி உணவுக்குழாயின் சுவரில். மறு நுனி பெருந்தமனியில். அது தொடும் இடத்தில், வழவழப்பாக இருக்க வேண்டிய தமனிச் சுவரிலிருந்து ஒரு சின்ன மொட்டு கிளம்பியிருந்தது.

"குழாய் விடலையே நீங்க?" என்று கேட்டார் ஸ்கேன் டாக்டர். கேட்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

"இல்ல."

"நல்ல வேளை."

நெஞ்சறை அறுவை நிபுணரை எல்லாரும் 'ரேடியோ' என்பார்கள். அணைக்கிற குமிழ் இல்லாமல் செய்யப்பட்ட ரேடியோ. காரிடாரின் அந்தக் கோடியிலேயே அவர் குரல் கேட்டது. லிப்ட் தாமதமானது, காப்பி ஆறிப்போனது, தன் மகள் தன்னைவிட வேகமாக வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். "என்ன சாமியாரம்மா, நீங்களே போன் பண்ணிக் கூப்பிட்டீங்கன்னா மழைதான் வரப்போகுது—" என்றவர் திரையைப் பார்த்தார்.

ரேடியோ நின்றது. நிலைமை எவ்வளவு மோசம் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் உறைத்தது அப்போதுதான்.

"எப்படி வந்தாரு இவரு?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"நடந்து. நாற்காலியைத் தள்ளிக்கிட்டு வரேன்னாராம்."

"அடப்பாவி மனுஷா" என்றார் ரேடியோ, ஏதோ சாமி கும்பிடுகிற தொனியில்.

திட்டம் சட்டென்று உருவாயிற்று. முதலில் தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக ஒரு குழலை மேலே ஏற்ற வேண்டும். கம்பி வலையின் மேல் துணி போர்த்திய குழல். பெருந்தமனிக்குள் ஓட்டை இருக்கிற இடத்தில் விரித்துவிட்டால் உட்பக்கமாக ஒட்டுப் போட்டது மாதிரி. ரத்தம் அதற்குள் ஓடும், ஓட்டை வெளியே நின்றுவிடும். அது முடிந்த பிறகுதான் டாக்டரம்மா குழாய் விட்டு முள்ளை எடுக்க வேண்டும். அதற்கும் பிறகு நெஞ்சைத் திறந்து, அழுக்கைக் கழுவி, உணவுக்குழாயின் ஓட்டையைத் தைத்து, இரண்டு வீட்டுக்கும் நடுவே புதுச் சுவர் வைக்க வேண்டும். வரிசை மாறினால் ஆள் மிஞ்சமாட்டார்.

குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் தள்ளுபடுக்கையில் மீன்கடைக்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு, சிரிக்காமல் படுத்திருந்தார்.

டாக்டரம்மா தான் கொடுத்த வாக்கைப் பற்றி ரேடியோவிடம் சொல்ல மறந்துபோயிருந்தார். மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ரேடியோ பேச ஆரம்பித்தால் இடையில் ஊசி நுழையக்கூட இடமிருக்காது.

"அதாவதும்மா, உணவுக்குழாய்க்கும் பெரிய ரத்தக்குழாய்க்கும் நடுவுல ஒரு வழி ஏற்பட்டுப்போச்சு. இருக்கக்கூடாத வழி. எப்படின்னா, ஒரு மு—"

டாக்டரம்மா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார். அழுத்தமாகவே மிதித்தார்.

"—மு... முனை. கூர்மையான ஒரு முனை குத்தியிருக்கு" என்றார் ரேடியோ, கண்ணில் தண்ணீர் வர.

"என்ன முனை?" என்றாள் மனைவி. "கத்தி முனையா? இந்த மனுஷன் கத்தியை எங்க முழுங்கினாரு?"

ஒருவரும் பேசவில்லை. ரேடியோ டாக்டரம்மாவைப் பார்த்தார். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். மௌனத்தை ஆயுதமாக வைத்திருந்தவருக்கு அன்றுதான் அது இன்னொருவர் பக்கமிருந்து எப்படி இருக்கும் என்று தெரிந்தது. மகள் கணவனைப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் கையிலிருந்த காலி உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என் மீனா?" என்றார்.

பதிலுக்கு நிற்காமல் அவரே தொடர்ந்தார்.

"சாப்பிடும்போது மாமாவுக்குக் கண்ணு கலங்குச்சு. நான் பாத்தேன்." உறையை மேசையில் வைத்தார். "சந்தோஷத்துல கலங்குதுன்னு நெனச்சேன். அதான் இன்னும் ரெண்டு துண்டு வெச்சேன்."

"டாக்டரம்மா!" என்று வாசலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. "சொல்ல மாட்டேன்னீங்களே!"

"அவங்க ஒரு வார்த்தைகூடச் சொல்லலைப்பா!" என்று மகள் கத்தினாள், அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே. "இப்ப நீங்கதான் சொன்னீங்க!"

"சத்தம் போடாதீங்க!" என்று சாமியாரம்மா போட்ட சத்தத்தில் காரிடாரில் நின்ற மருந்து வண்டிகூட ஒருகணம் நகரவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன்னால் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை.

கணக்கு வாத்தியார் எழுந்து போய்த் தள்ளுபடுக்கையின் பக்கத்தில் நின்றார். மாமனார் கையைப் பிடித்துக்கொள்ளலாமா கூடாதா என்று தெரியாமல் படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாமா சொல்லலை? துப்பியிருக்கலாமே."

"ருசியா இருந்துச்சு மாப்பிள்ளை" என்றார் மீன்கடைக்காரர் மெல்ல. "அதைத் துப்ப மனசு வரலை."

"பொய்" என்றாள் மனைவி. "உப்பே இல்ல அதுல." பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

தள்ளிக்கொண்டு போனார்கள்.

அறுவை அரங்கில் ரேடியோ பேசமாட்டார். கையுறை போட்ட நிமிடத்தில் அந்த மனிதர் வேறு யாரோ ஆகிவிடுவார். டாக்டரம்மா தலைமாட்டில், தன் குழாயைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மயக்க மருந்து டாக்டர் ஒரு குழந்தையைத் தூங்கவைக்கிற நிதானத்தில் மருந்தைச் செலுத்தினார். தொடையிடுக்கில் கம்பி நுழைந்து திரையில் மெல்ல மேலே ஏறியது.

அப்போதுதான் வந்தது. வாயோரத்தில் ஒரு கோடு. பிறகு அது கோடாக இல்லை. செவுளின் சிவப்பு. அவர் சொன்னபோது டாக்டரம்மாவின் மனத்தில் விழுந்த அதே நிறம், இப்போது கண்ணெதிரே பச்சைத் துணியில் பரவியது. மானிட்டரின் சத்தம் இறங்கத் தொடங்கியது. மயக்க மருந்து டாக்டர் ரத்தப் பையை இரண்டு கையாலும் பிழிந்தார். பெரியக்கா உறிஞ்சு குழாயை வாய்க்குள் கொடுத்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. ரேடியோ மட்டும் திரையைப் பார்த்தபடி, ஊசியில் நூல் கோக்கிறவரைப் போல, குழலை அங்குலம் அங்குலமாக மேலே தள்ளினார். அவசரமில்லை போலத் தள்ளினார். டாக்டரம்மாவுக்கு அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

"விரிக்கிறேன்" என்றார் ரேடியோ.

திரையில் குழல் பூ விரிவதுபோல் விரிந்து சுவரோடு ஒட்டியது. சாயம் செலுத்தினார்கள். பக்கவாட்டில் புகையாகக் கசிந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. கறுப்பு ஆறு நேராகக் கீழே போயிற்று. வாயோரத்துச் சிவப்பு மெலிந்தது. மானிட்டரின் சத்தம், மாடிப்படி ஏறுகிற கிழவரைப் போல, ஒவ்வொரு படியாக மேலே வந்தது.

"உங்க முறை" என்றார் ரேடியோ.

டாக்டரம்மா குழாயை உள்ளே விட்டார். நாவைத் தாண்டி, தொண்டையைத் தாண்டி, ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டே இறங்கினார். பாதி வழியில் கறுத்த ஒரு கட்டி சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் தன் கை ஆசைப்பட்டது இதைப் பார்க்கத்தான். இப்போது பார்க்கலாம். அந்தப் பக்கம் கதவு பூட்டியாயிற்று. தண்ணீரை ஒரு சொட்டு விட்டார். கட்டி அசைந்தது. அதற்கடியில், ஈரமாக, பால்வெள்ளையாக ஒரு நுனி.

பற்றினார். முள் எந்தப் பக்கமாக நுழைந்ததோ அதே கோட்டில் இழுத்தார். வரவில்லை. காத்திருந்தார். உணவுக்குழாய் தானாக ஒருமுறை சுருங்கி நெகிழ்ந்தபோது, யாரோ உள்ளிருந்து விட்டுக்கொடுத்ததுபோல், வந்தது.

எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்கள். ஓட்டை அவர்களைப் பார்த்தது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை.

அப்புறம் ரேடியோவின் நேரம். இடப்பக்கம் விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, சீழ் கட்டத் தொடங்கியிருந்த இடத்தைக் கழுவினார், மறுபடி கழுவினார், போதும் என்று உதவியாளர் நினைத்த பிறகும் கழுவினார். உணவுக்குழாயின் ஓட்டையை உள்ளடுக்கு, வெளியடுக்கு என்று தைத்தார். விலா எலும்புகளுக்கிடையிலிருந்து ஒரு பட்டைத் தசையை, அதன் ரத்தவோட்டம் அறுபடாமல், உரித்துத் திருப்பி இரண்டு குழாய்களுக்கும் நடுவே படுக்கவைத்தார். வயிற்றில் சின்னத் துளை போட்டு, குடலுக்குள் நேரே ஆகாரம் போக ஒரு மெல்லிய குழாயும் வைத்தார். கையுறையைக் கழற்றினார்.

"நடுச்சுவர் கட்டியாச்சு. இனிமே அந்தக் குடும்பத்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. என் காலு வீங்கியிருக்கு தெரியுமா? அறுவை சிகிச்சை நிபுணர் காலை ஒரு டாக்டரே மிதிக்கிறதுன்னா, இதை நான் எங்க போய்ச் சொல்றது—" ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டது. பெரியக்கா சிரித்த சிரிப்பில் முகமூடி ஈரமாயிற்று.

டாக்டரம்மா வெளியே வந்து காரிடாரின் ஜன்னலோரம் நின்றார். கீழே தெருவில் ஒருவர் குடையை வைத்துக்கொண்டு வெயிலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் உடனே வருகிற ரகமல்ல. முதலில் கால்கள் தளரும், பிறகு பசிக்கும், பிறகு காரணமில்லாமல் ஏதோ ஒரு பழைய பாட்டின் பாதி வரி வரும். அன்று மூன்றும் ஒன்றாக வந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், அந்தப் பாதி வரியை முணுமுணுத்துக்கொண்டு நின்றார்.

ஆனால் முழுச் சந்தோஷத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. அழுக்குப் பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிற குழலில் கிருமி ஏறக்கூடாது. தையல் விடக்கூடாது. தையல் ஆறும்வரை வாய்வழியாக ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது. நரம்பு வழியாக மருந்து வாரக்கணக்கில் இறங்கியது. குடல் குழாய் வழியாகப் பால் நிறத்தில் ஆகாரம் போனது.

"மூணு வேளையும் சாப்பிடுறேன். வாய்க்கு மட்டும் லீவு" என்பார் மீன்கடைக்காரர் பார்க்க வருகிறவர்களிடம். குரல் கரகரத்திருந்தாலும் வார்டு முழுக்க அவர் குரல்தான். எதிர்ப் படுக்கைக்காரருக்குப் பேச்சுத்துணை, நர்சுகளுக்குக் கல்யாண ஆலோசனை. எடுத்த முள்ளை ஒரு சீசாவில் போட்டுக் காட்டியபோது, உற்றுப் பார்த்துவிட்டு, "இது துடுப்புக்குக் கீழ் முள்ளு. மாப்பிள்ளை மேல தப்பில்ல. இது ரொம்ப ஏமாத்துற முள்ளு" என்று தீர்ப்புச் சொன்னார். சந்தையிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். கேலி செய்யாமலும் போகவில்லை. தராசைக் கடலில் போட வேண்டிய அவசியம் வரவில்லை.

கணக்கு வாத்தியார் பள்ளி விட்டதும் தினமும் வந்து உட்காருவார். டாக்டரம்மாவும் வருவார். இருவரும் பேசாத ஆட்கள். மீன்கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார். "நல்லா ஜோடி சேந்தீங்க. நான் ஒருத்தன் மூணு பேருக்கும் பேசணும்."

ஒரு நாள் மட்டும், யாரும் இல்லாதபோது, அவர் டாக்டரம்மாவிடம் கேட்டார்: "தையல் நிக்குமா?"

டாக்டரம்மா பதில் சொல்லவில்லை. இந்தத் தடவை அது காத்திருக்கிற மௌனமாக இல்லை. தெரியாத மௌனம். மீன்கடைக்காரருக்கு அந்த வித்தியாசம் புரிந்தது. அவரும் பேசாமல் இருந்தார். இரண்டு பேருமாக ஜன்னலைப் பார்த்தார்கள்.

சோதனை நாள் வந்தது. எக்ஸ்ரே திரைக்கு முன்னால் அவரை நிற்க வைத்து, தெளிவான ஒரு திரவத்தை ஒரு மடக்கு கொடுத்தார்கள். தையலில் கசிவு இருந்தால் அது பக்கவாட்டில் ஒழுகித் திரையில் தெரியும். ரேடியோ வந்திருந்தார், பேசவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் குடும்பம் நின்றது.

"முழுங்குங்க."

முழுங்கினார். திரையில் கறுப்பாக ஒரு துளி நாவிலிருந்து நழுவி, தொண்டையில் ஒருகணம் தயங்கி, கீழே இறங்கியது. தைத்த இடத்துக்கு வந்தது. அங்கே வழி கொஞ்சம் குறுகியிருந்தது. துளி நின்றது. பிறகு அது மெலிந்து, நூலாகி, நேராக, சுவரைவிட்டு எங்கும் விலகாமல், கீழே போய் இரைப்பைக்குள் விழுந்தது.

"இன்னொரு மடக்கு" என்றார் ஸ்கேன் டாக்டர். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"ஒண்ணும் கசியலை" என்று ரேடியோ கத்தினார். கண்ணாடிக்குப் பின்னால் கணக்கு வாத்தியார் மாமியாரைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்ட பிறகு யாரைக் கட்டிக்கொண்டோம் என்று தெரிந்து திடுக்கிட்டு விலகினார். மாமியார் விடவில்லை.

வார்டுக்குத் திரும்பிய பிறகு டாக்டரம்மா ஒரு கோப்பையில் வெறும் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கரண்டியால்தான் குடிக்க வேண்டும், மெதுவாக. எதிர்ப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் நின்றார். மகள் கரண்டியை நீட்டினாள். மீன்கடைக்காரர் அதைத் தானே வாங்கி, வாய்க்குள் விட்டுக்கொண்டு, கண்ணை மூடினார்.

தொண்டை ஏறி இறங்கியது.

எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தார்கள். சொல்லவில்லை. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. முகத்தில், தூரத்தில் வருகிற ரயிலின் சத்தத்தைக் கேட்கிறவரின் கவனம்.

"என்னங்க?" என்றாள் மனைவி பதறிப்போய். "வலிக்குதா? சொல்லுங்களேன். என்ன பண்ணுது?"

அவர் கண்ணைத் திறக்காமலேயே மறு கையை உயர்த்தி அவளை அமர்த்தினார்.

"இரு, இரு" என்றார். "போய்க்கிட்டு இருக்கு."